மலைச் சைக்கிள் யாருக்கு?

மவுண்டன் பைக்குனு பேர் வெச்சவங்க மலையடிவாரத்துல குடித்தனம் பண்ணினவங்க இல்லை. இதைக் கோபத்துல சொல்லலை, கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் சொல்றேன். படிச்சிட்டு ஏத்துக்கிறதும் ஏத்துக்காததும் உங்க இஷ்டம்.

எங்க வீட்டுல ஒரு கியர் சைக்கிள் இருக்கு. அக்கா மகன் வெளியூர்ல வேலை கிடைச்சுப் போனப்ப, "மாமா, சும்மா கிடக்கிறதுக்கு நீங்க ஓட்டுங்க"னு விட்டுட்டுப் போனது. மூணு வருஷம் ஆச்சு. 26 இஞ்ச் சக்கரம், முன்னால ஷாக் அப்சார்பர், கட்டை கட்டையா முள்ளு வெச்ச டயர், முன்னால மூணு பல்சக்கரம், பின்னால ஏழு, ஆக 21 கியர். இப்ப ரெண்டு டயரும் தேஞ்சு வழுக்கையாயிடுச்சு. கியர் மாத்துற இடமும் தகராறு. செலவு பண்ணி இதையே ஓட்டுறதா, இல்லை வேற சைக்கிளா மாத்திக்கிறதானு வீட்டுல பேச்சு ஓடுது.

மகன் ஹைப்ரிட் வாங்கச் சொல்றான். உரக்கடைத் தம்பி பேட்டரி சைக்கிள்னு சொல்றாரு. டீக்கடையில உட்கார்ந்திருக்கிறவங்க, "அண்ணே, பச்சைமலை அடிவாரத்துல இருந்துக்கிட்டு மவுண்டன் பைக்கை மாத்துறேங்கிறீங்களே, உங்களுக்கு அதுதானே பொருத்தம்"ங்கிறாங்க. எங்க வீட்டு அம்மா மட்டும், "அதைப் பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு ஒழுங்கா கேரியர் வெச்ச சைக்கிளா வாங்குங்க"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டாங்க. இந்தப் பதிவு அந்த ஒரு வார்த்தைக்கு நான் எழுதுற விளக்கவுரைனு வெச்சுக்கோங்க.

முதல்ல டீக்கடை வாதத்தை எடுத்துக்குவோம். மலை இருக்கிற ஊருக்கு மலைச் சைக்கிள். கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா அந்தச் சைக்கிள் எப்படிப் பிறந்ததுன்னு தெரிஞ்சா அப்படிப் பேச மாட்டோம்.

1970-கள்ல அமெரிக்காவுல கலிபோர்னியா மாநிலத்துல மரின்னு ஒரு மாவட்டம். அங்க டமல்பாய்ஸ்னு ஒரு மலை. அந்தப் பக்கத்து இளவட்டங்க, 1930, 40-கள்ல செஞ்ச பழைய கனமான சைக்கிள்களைத் தேடிப் பிடிச்சாங்க. குண்டு டயர், பெடலைப் பின்னால மிதிச்சா நிக்கிற பிரேக்கு, கியர் கிடையாது. அதை வண்டியில ஏத்தி மலை உச்சிக்குக் கொண்டு போயி, அங்கேருந்து மண்பாதையில கீழே விடுவாங்க. 1976-ல அதுக்கு ஒரு பந்தயமே ஆரம்பிச்சாங்க. 'ரீபேக்'னு பேரு. ஏன் அந்தப் பேருன்னா, கீழே வந்து சேர்றதுக்குள்ள பிரேக் சூடேறி உள்ள இருக்கிற கிரீஸ் எல்லாம் புகையாப் போயிடும். மறுபடியும் கிரீஸ் அடைச்சாத்தான் அடுத்த ஓட்டம். அப்புறமாத்தான் கியர் சேர்த்தாங்க, தனியா ஃபிரேம் கட்டினாங்க, கம்பெனிக்காரங்க வந்தாங்க.

ஆக, விளையாட்டா மலை இறங்குறதுக்காகப் பிறந்த சாமான் அது. அதுல தப்பு ஒண்ணும் இல்லை. ஞாயித்துக்கிழமை காலையில திருச்சிப் பக்கமிருந்து ஹெல்மெட் போட்டுக்கிட்டு வர்ற பிள்ளைங்களைப் பார்த்தா எனக்குச் சந்தோஷம்தான். உடம்புக்கு நல்லது, மலையையும் பார்த்துட்டுப் போறாங்க. ஆனா அவங்களுக்கு மலைங்கிறது போயிட்டு வர்ற இடம். நமக்கு அது பொழைக்கிற இடம். ரெண்டுக்கும் ஒரே சைக்கிள்னு கடைக்காரர் சொன்னா, அவர் விக்கிறதுக்காகச் சொல்றாருன்னு அர்த்தம்.

எங்க பக்கம் ஒரு சைக்கிளுக்கு என்னென்ன வேலை இருக்குன்னு பாருங்க. காலையிலயும் சாயங்காலமும் பால் சொசைட்டிக்கு 10 லிட்டர் கேன். மத்தியானம் வரப்புல அறுத்த புல்லுக்கட்டு. உரக்கடையிலேருந்து மூட்டை. சின்ன வெங்காயம் பிடுங்குற நாள்ல காட்டுக்கும் களத்துக்கும் நடை. மருந்தடிக்கிற டேங்க். மண்வெட்டி. இருட்டின பிறகு தண்ணி பாய்ச்சப் போறப்ப ஒரு வெளிச்சம். பேத்தியை அங்கன்வாடியில விடணும். இதுல ஒண்ணுக்குக்கூட அந்தக் கியர் சைக்கிள்ல இடம் இல்லை. கேரியர் இல்லை. மட்கார்டு இல்லை, மழை பெஞ்ச அன்னிக்கு முதுகு பூரா சேறு கோடு போட்டிருக்கும். செயின் கவர் இல்லை. வேட்டி கட்டிக்கிட்டு ஏறினா பல்சக்கரம் வேட்டியைத் தின்னுடும். டபுள் ஸ்டாண்டு இல்லை; சைடு ஸ்டாண்டை நம்பிப் பால் கேனை மாட்டினா பால் தரைக்குத்தான். டயனமோ இல்லை.

"கேரியர் தனியா வாங்கி மாட்டிக்கலாமே"ம்பாங்க. சீட்டுக் கம்பியில கவ்வுற மாதிரி ஒரு கேரியர் விக்கிறாங்க, பார்த்திருக்கேன். அது ஒரு பையை வெக்கிறதுக்கு ஆகும். பின்சக்கரத்து அச்சுல கால் ஊணாத கேரியர்ல கேனைக் கட்டினா, திருப்பத்துல நாம ஒரு பக்கம் போவோம், கேன் ஒரு பக்கம் போகும்.

அடுத்தது ரிப்பேர். இந்த வருஷம் வரப்பு ஓரம் சைக்கிள் சாஞ்சு விழுந்துச்சு. பின்சக்கரத்துக்குப் பக்கத்துல செயினை இழுத்து மாத்துற ஒரு தொங்கல் இருக்கே, அது கோணிக்கிச்சு. அதோட சரி, செயின் ஒரு பல்லுலயும் ஒழுங்கா நிக்கலை. உள்ளூர் சைக்கிள் கடை அண்ணன் பார்த்துட்டு, "இது நம்ம கைக்கு அடங்காதுங்க"னு கையை விரிச்சுட்டாரு. டவுன்ல ஒரு கடையில காட்டினா, அந்த ஒரு துண்டு மட்டும் வராது, செட்டா மாத்தணும், சொல்லி வெச்சா வரும்னாங்க. இன்னைக்கு வரைக்கும் வரலை. அதுவரைக்கும் 21 கியர் சைக்கிளை ஒரே கியர்ல ஓட்டிக்கிட்டு இருக்கேன்.

நம்ம பெரிய சைக்கிளைப் பாருங்க. 28 இஞ்சு, ஒன்றரை டயரு. அந்த டயரும் டியூபும் துறையூர்லயும் கிடைக்கும், உப்பிலியபுரத்துலயும் கிடைக்கும். கோட்டர் பின், பால்ஸ், ஃப்ரீவீல், பிரேக் கட்டை, ஸ்போக்ஸ் கம்பி, எல்லாமே எந்தக் கம்பெனி சைக்கிளுக்கு எந்தக் கம்பெனி சாமான் போட்டாலும் சேரும். ரெண்டு ஸ்பேனர், ஒரு சுத்தியல் இருந்தா திண்ணையில உட்கார்ந்து முழுசாக் கழட்டி ஓவராயில் பண்ணிடலாம். அம்பத்தூர்ல டி.ஐ. கம்பெனி 1951-ல சைக்கிள் செய்ய ஆரம்பிச்ச காலத்துல இருந்து அந்த அமைப்பு பெருசா மாறலை. மாறாததுதான் அதோட பலம். என் அப்பா காலத்து சைக்கிளுக்கு இன்னைக்கும் சாமான் கிடைக்குது. மூணு வருஷத்துக்கு முந்தின கியர் சைக்கிளுக்குக் கிடைக்கலை.

இப்ப எதிர்த்தரப்புக்கும் நியாயமாப் பேசணும். கியர் சும்மா இல்லை. ரெண்டு சைக்கிளையும் பக்கத்துல நிறுத்திப் பல்லை எண்ணிப் பார்த்தேன். பெரிய சைக்கிள்ல முன்னால 44 பல்லு, பின்னால 18. பெடல் ஒரு சுத்து சுத்தினா வண்டி ஏறக்குறைய 5.4 மீட்டர் போகும். கியர் சைக்கிள்ல சின்னதுல போட்டா முன்னால 28, பின்னால 28. ஒரு சுத்துக்கு 2 மீட்டர்தான் போகும். அதாவது பெரிய சைக்கிள்ல ஒரு மிதி மிதிக்கிற தூரத்துக்கு இதுல ரெண்டரை மிதிக்கு மேல மிதிக்கணும். ஆனா ஒவ்வொரு மிதிக்கும் கால்ல வர்ற பாரம் அந்த அளவுக்குக் குறையும். அம்பது வயசு தாண்டின முட்டிக்கு அது பெரிய உதவி, மறுக்கலை. சோபனபுரத்துலேருந்து டாப் செங்காட்டுப்பட்டிக்கு ஏறுற ரோட்டுல வெறும் ஆளா கியர் சைக்கிள்ல மிதிச்சுப் போயிடலாம். பெரிய சைக்கிள்ல முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாடியே இறங்கித் தள்ள வேண்டியதுதான்.

ஆனா அந்தக் கணக்குல 'வெறும் ஆளா'ங்கிற வார்த்தையைக் கவனிங்க. பாரத்தோட ஏத்தம் ஏறுறப்ப யாரும் மிதிக்கிறதில்லை. கேரியர்ல 40 கிலோ இருக்கிறப்ப நீங்க எத்தனை கியர் வெச்சிருந்தாலும் மேட்டுல வேகம் குறைஞ்சு, முன்சக்கரம் தூக்கி, பேலன்ஸ் போயிடும். இறங்கித் தள்ளத்தான் செய்யணும். தள்ளுறப்ப கியருக்கு வேலையே இல்லை. அப்ப வேணுங்கிறது உறுதியான ஃபிரேம், கால் ஊணின கேரியர், கைக்கு வாகான ஹேண்டில்பாரு, அங்கங்க நிறுத்தி மூச்சு வாங்க ஒரு நல்ல ஸ்டாண்டு.

இதுக்கு உலகத்துலயே பெரிய சாட்சி வியட்நாம்காரங்க. 1954-ல தியன் பியன் பூ மலைக்காட்டுல பிரெஞ்சுப் படையை முற்றுகை போட்டப்ப, அரிசியும் குண்டும் மலைப்பாதையில போய்ச் சேர்ந்ததுல சைக்கிளுக்குப் பெரிய பங்கு. ஒவ்வொரு சைக்கிள்லயும் 200 கிலோ, அதுக்கு மேலயும் ஏத்தினாங்க. யாரும் ஏறி மிதிக்கலை. ஹேண்டில்பாருல ஒரு மூங்கில், சீட்டு இருக்கிற இடத்துல ஒரு மூங்கில் கட்டி, பக்கத்துல நடந்து தள்ளிக்கிட்டே போனாங்க. மலையில பாரம் சுமக்கிற சைக்கிள்னா எப்படி இருக்கணும்னு அவங்களைக் கேக்கணும், விளம்பரத்தை இல்லை.

இன்னொரு இடத்துல பெரிய சைக்கிளை விட்டுக்கொடுத்துத்தான் ஆகணும். பிரேக்கு. இரும்பு ரிம் மேல மழைத்தண்ணி பட்டா ரப்பர் கட்டை வழுக்கும். மலை இறக்கத்துல பாரத்தோட அந்தக் கம்பி பிரேக்கை நம்பி வரக் கூடாது. கியர் சைக்கிள்ல இருக்கிற அலுமினிய ரிம்முல பிரேக் நல்லாவே பிடிக்குது. அதனால மேல குடியிருக்கிறவங்களுக்கும் அடிவாரத்துல குடியிருக்கிறவங்களுக்கும் ஒரே பதில் கிடையாது. அதைக் கடைசியில சொல்றேன்.

ஹைப்ரிட்டுக்கு வருவோம். ரோட்டு சைக்கிளுக்கும் மலைச் சைக்கிளுக்கும் நடுவுல ஒண்ணு. ஷாக் பெரும்பாலும் இருக்காது, டயர் ஒல்லியா வழவழன்னு இருக்கும். தார் ரோட்டுல நல்லா ஓடும், உண்மைதான். ஆபீஸ் போறவங்களுக்கு நல்ல வண்டி. ஆனா நம்ம களத்துமேட்டுக்கு அது எதுக்கு? கேரியர் இல்லைங்கிற குறை அப்படியே இருக்கு. தொங்கல் கோணினா கையை விரிக்கிற குறையும் அப்படியே இருக்கு. டயர் மட்டும்தான் மாறுது. டயர் மாறணும்னா டயரை மாத்துங்க, எதுக்குச் சைக்கிளை மாத்தணும்? முள்ளு டயருக்குப் பதிலா அதே 26 இஞ்சுல வழவழப்பான டயர் போட்டா, தார் ரோட்டுல அந்த 'உர்ர்'னு இழுக்கிற சத்தமும் குறையும், கால்வலியும் குறையும்.

பேட்டரி சைக்கிள்னா பாதி மோட்டார் வண்டி. பேட்டரி போனா அதுக்கு ஆகுற செலவுல ஒரு புது பெரிய சைக்கிளே வாங்கலாம். அப்படி மோட்டார்தான் வேணும்னா டிவிஎஸ் எக்ஸ்எல் இருக்கு. எங்க வீட்டுலயும் இருக்கு. ஆனா பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டின பிறகு, ரெண்டு வேளை பாலுக்கும் அதை எடுத்தா பால் காசுல ஒரு பங்கு டேங்குக்குள்ள போயிடுது. பால் விலையை நாம நிர்ணயிக்கிறதில்லை, பெட்ரோல் விலையையும் நாம நிர்ணயிக்கிறதில்லை. நம்ம கையில இருக்கிறது இந்தக் காலு மட்டும்தான்.

சைக்கிளை ஜாதி பார்த்து வாங்கக் கூடாது, வேலையைப் பார்த்து வாங்கணும்னு நமக்குச் சொல்லிக் கொடுத்தவங்க பக்கத்து மாவட்டத்துப் பொம்பளைங்க. 1990-களோட ஆரம்பத்துல புதுக்கோட்டையில அறிவொளி இயக்கம் நடந்தப்ப, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் காலத்துல, ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. கல் குவாரியில வேலை செய்றவங்க, கூலி வேலைக்குப் போறவங்க, அங்கன்வாடிக்காரங்கனு எல்லாரும். லேடீஸ் சைக்கிள் தட்டுப்பாடா இருந்துச்சு. அவங்க காத்திருக்கலை, ஆம்பளைங்க சைக்கிளை எடுத்து ஓட்டினாங்க. அதுலயும் சிலபேருக்கு அதுவே வசதி. ஏன்னா நடுவுல பாரு இருக்கு, அதுல குழந்தையை உட்கார வெக்கலாம். பத்திரிகையாளர் பி. சாய்நாத் இதை அப்பவே எழுதியிருக்காரு. அந்தச் சைக்கிளுக்குக் கம்பெனி வெச்ச பேரு 'ஜென்ட்ஸ்'. அவங்க பேரைப் பார்க்கலை, பாரைப் பார்த்தாங்க. 'மவுண்டன்'கிற பேரைப் பார்த்து மயங்குற நம்மளைவிட அவங்க கெட்டிக்காரங்க.

இப்ப என் உண்மையான வருத்தத்துக்கு வர்றேன். பெரிய சைக்கிளை ஏழை சைக்கிள்னு ஒதுக்கி வெச்சாச்சு. பசங்க அதுல ஏற வெக்கப்படுறாங்க. குரங்குப் பெடல் அடிச்சுப் பழகின தலைமுறை நாங்களோட முடிஞ்சுடும்போல. நாட்டுலயே பேர் போன அட்லஸ் கம்பெனி, சாகிபாபாத்ல இருந்த கடைசித் தொழிற்சாலையை 2020 ஜூன் 3-ந் தேதி நிறுத்துச்சு. அன்னிக்குத்தான் உலக சைக்கிள் தினம். கம்பெனிக்காரங்களுக்கு ஷோக்கு சைக்கிள்லதான் லாபம். அதனால நம்ம மாதிரி ஆளுங்க ஓட்டுற வண்டிக்குப் புத்தி செலவழிக்க யாரும் தயாரா இல்லை. 70 வருஷமா அதே கம்பி பிரேக்கு, அதே ஒரே வேகம். ஷோக்கு சைக்கிளுக்கு மட்டும் வருஷத்துக்கு ஒரு புதுக் கலரு.

செய்ய முடியாததா? வேர்ல்டு பைசைக்கிள் ரிலீஃப்னு ஒரு அமைப்பு. 2004 சுனாமிக்குப் பிறகு, 2005-ல இலங்கைச் சனங்களுக்குச் சைக்கிள் கொடுக்கிறதுக்காக ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஆப்பிரிக்காவுக்குப் போயி, அங்க இருக்கிற மண் ரோட்டுக்காகவே 'பஃபலோ'னு ஒரு சைக்கிள் செஞ்சாங்க. எருமைங்கிற பேருக்கு ஏத்தபடி 100 கிலோ தாங்குற கேரியர். பின்னால மிதிச்சா நிக்கிற பிரேக்கு சக்கரத்துக்கு உள்ளயே இருக்கு, மழைத்தண்ணி படாது. இப்ப அதுல ரெண்டு வேகம் வெச்சதும் வந்திருக்கு; கேபிளும் கிடையாது, கோணுற தொங்கலும் கிடையாது, பெடலை லேசாப் பின்னால தட்டினா மாறிக்கும். சாதாரண ஸ்பேனர்ல ரிப்பேர் பண்ணலாம். பாரம், பிரேக்கு, ஏத்தம், மூணுக்கும் பதில் அதுல இருக்கு. ஆப்பிரிக்க விவசாயிக்குச் செய்ய முடிஞ்சது, அம்பத்தூர்லயும் லூதியானாவுலயும் நம்ம விவசாயிக்கு ஏன் செய்ய முடியலை?

அரசாங்கத்துக்கும் ஒரு வார்த்தை. 2001-02-ல ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்குனு ஆரம்பிச்ச இலவச சைக்கிள் திட்டம், 2005-06-லேருந்து அரசு, அரசு உதவி பெறும் பள்ளியில பிளஸ் ஒன் படிக்கிற எல்லாப் பிள்ளைங்களுக்கும்னு ஆச்சு. நல்ல திட்டம். எங்க ஊர்ல பாதி வீட்டுப் பொழப்பு அந்தச் சைக்கிள்லதான் ஓடுது. பிள்ளை பள்ளிக்கூடம் முடிச்சதும் அது அப்பாவோட பால் வண்டி ஆயிடும். ஆனா காவிரிக்கரைச் சமவெளியில படிக்கிற பிள்ளைக்கும் பச்சைமலை மேல படிக்கிற பிள்ளைக்கும் ஒரே சைக்கிள். கடல் மட்டத்துலேருந்து 500 மீட்டர், 1,000 மீட்டர் உயரத்துல ஏத்தமும் இறக்கமுமா இருக்கிற ஊருல, ஒரே வேகம் உள்ள சைக்கிள் பாதி நேரம் தள்ளுறதுக்குத்தான் ஆகும். மலைப்பள்ளிக் கூடத்துப் பிள்ளைங்களுக்குக் கேரியரோட, ரெண்டு மூணு வேகத்தோட, நனைஞ்சாலும் பிடிக்கிற பிரேக்கோட ஒரு சைக்கிள் கொடுங்க. லட்சக்கணக்குல வாங்குற அரசாங்கம் கேட்டா கம்பெனிக்காரன் செஞ்சு தர மாட்டானா? அப்படி ஒரு வண்டி வந்தா அதுதான் நிஜமான மலைச் சைக்கிள்.

அது வர்ற வரைக்கும் என் முடிவு இது. அடிவாரத்துல, சமவெளியில பாரம் ஏத்துறவங்க பெரிய சைக்கிள் வாங்குங்க; நானும் அதைத்தான் வாங்கப் போறேன். மேல குடியிருக்கிறவங்க, கையில கியர் சைக்கிள் இருந்தா விக்காதீங்க. பின்னால ஷாக் இல்லாத இரும்பு ஃபிரேமா இருந்தா, வெல்டிங் பட்டறையில சொல்லி அச்சுல கால் ஊணுற மாதிரி கேரியர் அடிங்க, மட்கார்டு மாட்டுங்க, வழவழ டயர் போடுங்க. அக்கா மகன் சம்மதிச்சுட்டான். எங்க வீட்டுச் சைக்கிளும் அந்தக் கோலத்துல மலை மேல மரவள்ளி போட்டிருக்கிற ஒரு கூட்டாளி வீட்டுக்குப் போகுது. ஹைப்ரிட்டு, அதை மகன் அவன் சம்பளத்துல வாங்கி ஓட்டட்டும்.

நீங்க கடைக்குப் போறதா இருந்தா, கையோட வெறும் பால் கேன் ஒண்ணை எடுத்துட்டுப் போங்க. "இதை எங்கங்க கட்டுறது?"னு கேளுங்க. அதுக்கு ஒழுங்கா பதில் வந்த பிறகு விலையைக் கேளுங்க.